பரிவும் பயிற்சியும்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆன்மிகச் சொற்பொழிவுகளும் திருமுறை இன்னிசையும் நடைபெறுகின்ற இந்த மேடையில் ஒரு மருத்துவமனை ஊழியைக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டின் அரசாங்க மருத்துவமனைகளில் செயல்முறைச் சிகிச்சையாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். நோயுற்றவர்களிடம் எப்படிப் பரிவு காட்டுவது என்பதைப் பற்றிப் பேசும்படி செயலவையினர் கேட்டுக்கொண்டார்கள். அன்பு காட்டுங்கள் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம்மிடம் அன்புக்குக் குறைவில்லை. அந்த அன்பு சில சமயம் நோயாளியை எழவிடாமல் அமுக்கிவிடுகிறது என்பதைத்தான் நான் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். ஆகவே இன்று அதைப் பற்றியே பேசலாம் என்று இருக்கிறேன். நான் சொல்லப்போகும் நோயாளிகளை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

செயல்முறைச் சிகிச்சை என்றால் என்ன?

ஆங்கிலத்தில் இதை ஆக்குப்பேஷனல் தெரப்பி என்கிறார்கள். மலாய் மொழியில் பெமுலிஹான் சாரா கெர்ஜா, அதாவது வேலையின் வழியாக மீட்பது என்று பெயர். இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "என் மகனுக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுங்கள்" என்று சான்றிதழ்களோடு என் அறைக்கு வந்தவர்களும் உண்டு. இங்கே வேலை என்பது சம்பளம் வாங்கும் வேலை மட்டுமன்று. காலையில் எழுந்து பல் துலக்குவது, சட்டைப் பொத்தானைப் போடுவது, சோறு பிசைந்து சாப்பிடுவது, பேத்திக்குத் தலை பின்னிவிடுவது, வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது என்று ஒரு மனிதர் தம் நாளை எதைக் கொண்டு நிரப்புகிறாரோ அவையெல்லாம் அவருடைய வேலைகள்தாம். நோயாலோ விபத்தாலோ முதுமையாலோ அந்த வேலைகள் கைநழுவிப் போகும்போது, அவற்றை அவர் மீண்டும் செய்வதற்கு வழி காண்பதே எங்கள் தொழில்.

பிசியோதெரப்பி எனப்படும் இயன்முறைச் சிகிச்சை காலுக்கு வலுவூட்டி நடக்க வைக்கும். அந்தக் கால் எங்கே போக விரும்புகிறது என்று நாங்கள் கேட்போம். குளியலறைக்கா, சந்தைக்கா, கோயிலுக்கா? போகும் வழியில் எத்தனை படிகள்? அங்கே போய் என்ன செய்ய ஆசை? இரண்டு சிகிச்சைகளும் ஒன்றுக்கொன்று துணையாக நிற்க வேண்டியவை.

இந்தத் தொழில் பிறந்த கதை

இத்துறையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரே ஒரு நோயாளி. அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் என்பவர் கட்டடக் கலைஞர். காசநோயால் வாடியவர். இடது பாதத்தின் ஒரு பகுதியை அறுவைச் சிகிச்சையில் இழந்தவர். பின்னர் அவருடைய இடப்பக்கமும் செயலிழந்தது. அவர் தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்து படிப்படியாகத் தம்மைத் தேற்றிக்கொண்டார். அந்த அனுபவத்தைக் கொண்டு 1914 ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஆறுதல் இல்லம் என்று பொருள்படும் பெயரில் ஒரு வீட்டைத் திறந்தார். 1917 ஆம் ஆண்டு மார்ச் மாதம் அங்கே சிலர் கூடி ஆரம்பித்த சங்கமே இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது.

ஆசியாவில் இதற்கான முதல் பள்ளி 1950 ஆம் ஆண்டில் மும்பையின் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர் கமலா நிம்ப்கர் அம்மையார். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்தியாவையே தம் நாடாக ஏற்றுக்கொண்டவர். 1952 ஆம் ஆண்டில் செயல்முறைச் சிகிச்சையாளர்களின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதனைத் தொடங்கிய பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

தமிழகத்திலும் இதற்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் என்பவர் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையின் மூலம் நிமிர்த்திக் காட்டினார். விரல்கள் நிமிர்ந்தன. ஆனால் கை சரியான பிறகும் அந்த நோயாளிகளுக்கு ஊரில் வேலை கொடுப்பார் இல்லை. அறுவைச் சிகிச்சை மட்டும் போதாது என்பதை உணர்ந்து, அவர்கள் தங்கித் தச்சு வேலையும் மரப் பொம்மை செய்வதும் கற்றுக்கொள்ள ஓர் இல்லம் அமைக்கப்பட்டது. சரிசெய்யப்பட்ட கைக்கு ஒரு வேலையும் வேண்டும் என்ற பாடத்தை வேலூர் எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது.

அதே மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954 ஆம் ஆண்டில் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை உருவாக்கினார். நடக்க முடியாதவர் என்று அனுதாபப்பட்டு அவரை வீட்டில் உட்கார வைத்திருந்தால், எத்தனை கைகள் மடங்கியபடியே இருந்திருக்கும்!

நம் நாட்டில், 1930 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பை நீங்கள் அறிவீர்கள். அங்கே வாழ்ந்தவர்கள் பயிரிட்டார்கள், பூச்செடிகள் வளர்த்தார்கள். பிற்காலத்தில் அந்த வட்டாரம் பூச்செடிப் பண்ணைகளுக்குப் பெயர் பெற்றது. சட்டத்தின் பெயரால் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்ட அவர்களுடைய துயரத்தை அந்தப் பூக்கள் மறைத்துவிட முடியாது. என்றாலும், எல்லாம் பறிபோன நிலையிலும் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது அவர்கள் மனிதராக நிமிர்ந்து நிற்க உதவியது.

வலக்கையை இழந்த ஒரு பாட்டி

இனி நான் கண்டவற்றுக்கு வருகிறேன். ஒரு பாட்டி. தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். பக்கவாதத்தால் வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சு ஓரளவு தப்பியது. இடக்கை நன்றாகவே இருந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு நாங்கள் படித்த பாடம் எளிமையானது: நல்ல கையால் சாப்பிடப் பழக்கு. வெள்ளைக்காரர்கள் எழுதிய பாடநூலில் அப்படித்தான் இருக்கும். பாட்டியிடம் அதைச் சொன்னதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இந்தக் கையாலயா சோறு திங்கிறது? அதுக்குப் பட்டினி கெடக்கலாம் மிஸ்ஸி," என்றார்.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம். ஒத்துழைக்காத நோயாளி என்று கோப்பில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவது அதைவிடச் சுலபம். ஆனால் எழுபது ஆண்டுகளாக ஒரு கை சோற்றுக்கும் சாமிக்கும், மற்றொரு கை கழுவுவதற்கு என்று வாழ்ந்தவர் அவர். அவரைப் பொறுத்தவரை இது சுத்தம், மரியாதை, வளர்ந்த முறை ஆகியவை எல்லாம் சேர்ந்த ஒன்று. அதை உடைத்துவிட்டுத்தான் உணவு உண்ண வேண்டும் என்றால், அவர் உண்ணாமல் இருப்பதைத்தான் தேர்ந்தெடுப்பார். ஆகவே மருமகள் மூன்று வேளையும் ஊட்டிவிட்டார். அந்த மருமகளை உறவினர்கள் மெச்சினார்கள். பாட்டியோ நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார்.

நாங்கள் செய்தது இதுதான். வலக்கை முற்றிலும் செத்துவிடவில்லை. தோளில் கொஞ்சம் அசைவு இருந்தது, விரல்கள் லேசாக மடங்கின. எனவே வலக்கையே சாப்பிடட்டும், இடக்கை அதற்கு உதவியாளாக இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்தோம். இடக்கை வலக்கையின் மணிக்கட்டைத் தாங்கி வாய்வரை கொண்டுவரும். முதலில் கரண்டி. அதன் காம்பில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கி, உள்ளங்கையோடு ஒரு பட்டையால் கட்டினோம். தட்டு விளிம்பு உயர்ந்த தட்டு. அது நழுவாமல் இருக்க அடியில் ஈரத் துணி. சோறு கொஞ்சம் குழைவாக. முதல் நாள் நான்கு வாய். பாதி மடியில் விழுந்தது. ஆனால் அந்த நான்கு வாயும் அவர் தாமே உண்டவை.

பிறகு விளக்கு. வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வேண்டும் என்பதே பாட்டியின் பெரிய ஆசை என்று தெரிந்தது. நாங்கள் கேட்டதால்தான் தெரிந்தது. ஒற்றைக் கையால் தீக்குச்சி உரசுவது ஆபத்து. நீண்ட மூக்குள்ள கேஸ் லைட்டரை இடக்கையில் கொடுத்து, வலக்கையை அதன்மேல் வைத்துக்கொள்ளச் சொன்னோம். விளக்கை இடுப்புயர மேசையில் ஒரு தாம்பாளத்தின் மீது வைத்தோம். முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும், மருமகள் பக்கத்தில் நிற்க வேண்டும். அப்போதும் பாட்டிக்குத் தயக்கம். பார்க்க வந்த கோயில் குருக்களிடம் கேட்டார். "ஒரு கை செய்யும்போது மற்றக் கை தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டு கையும் செய்ததாகத்தான் கணக்கு," என்று அவர் சொன்னார். எங்கள் பாடநூல்கள் தராத மருந்து அது. மருத்துவரும் சிகிச்சையாளரும் சொல்லி நகராத மனத்தை, உரிய இடத்திலிருந்து வந்த ஒரு சொல் நகர்த்தியது.

பாட்டியின் வலக்கை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர் சுவரைப் பார்த்துப் படுப்பதை விட்டார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாட்டி தாமே சாப்பிடத் தொடங்கியதும், "கிழவியைத் தனியாகத் தடுமாற விட்டுவிட்டு மருமகள் வேடிக்கை பார்க்கிறாள்" என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். ஊட்டிவிட்டபோது மெச்சிய அதே வாய்கள்! அந்தப் பெண் அழுதுகொண்டே என்னிடம் வந்தார். நான் அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். ஒருவருக்கு ஊட்டிவிடப் பத்து நிமிடம் போதும். அவர் தாமே உண்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க முக்கால் மணி நேரம் வேண்டும். இதில் எது பெரிய பரிவு?

எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே வீட்டு நோயாளியை எல்லாவற்றையும் தாமே செய்யும்படி விட்டுவிடாதீர்கள். முடியாததைச் செய்யச் சொல்வது கொடுமை. முடிந்ததைச் செய்யவிடாமல் தடுப்பதும் கொடுமைதான். இரண்டுக்கும் நடுவே உள்ள வழியைக் கண்டுபிடிப்பதில்தான் பயிற்சி இருக்கிறது. பக்கவாத நோயாளியைப் பராமரிக்கும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகளைச் சொல்கிறேன்.

முதலாவதாக, செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தசைகள் தளர்ந்திருப்பதால் தோள்மூட்டு எளிதில் இறங்கிவிடும். அந்த வலி மாதக்கணக்கில் நீடிக்கும். இடுப்பைத் தாங்கி எழுப்புவதற்குச் சிகிச்சையாளரிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது அதைக் கடைசியாகக் கழற்றுங்கள். இந்த ஒரு முறை தெரிந்தால் பலர் தாமே உடுத்திக்கொள்வார்கள்.

மூன்றாவதாக, மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்கத்து உலகமே மனத்தில் பதியாது. தட்டின் வலப்பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு இடப்பாதியை அப்படியே விட்டுவிடுவார்கள். கண் தெரியாததால் அன்று, வீம்பினாலும் அன்று. மூளையின் கவனம் அந்தப் பக்கம் போவதில்லை. கோபிக்காமல் தட்டைத் திருப்பி வையுங்கள், இடப்பக்கம் பார்க்கும்படி நினைவூட்டுங்கள்.

நான்காவதாக, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மூளை புதிய பாதைகளை வகுத்துக்கொள்ள முடியும் என்று இன்றைய மருத்துவம் அறிந்திருக்கிறது. பயன்படுத்தாத கை மேலும் மறந்துபோகும். பந்தை அமுக்கச் சொன்னால் ஐந்து முறை அமுக்கிவிட்டுச் சலிப்படைபவர், முருங்கைக் கீரை உருவச் சொன்னால் ஒரு கட்டு முழுவதும் உருவுவார். தமக்குப் பொருளுள்ள வேலையையே கை விரும்பிச் செய்யும்.

இருநூற்று எழுபத்திரண்டு படிகள்

இன்னொருவர் லாரி ஓட்டுநர். ஐம்பது வயது. நீரிழிவினால் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்துவிட்டார்கள். உங்கள் குறிக்கோள் என்ன என்று கேட்டபோது, "பத்துமலை ஏறணும்," என்றார். பத்துமலைக்கு 272 படிகள். பக்கத்தில் இருந்த மாணவப் பயிற்சியாளர் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஒரு நோயாளியின் ஆசை எங்களுக்கு மிகப் பெரிய கருவி. அதை நாங்கள் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்தோம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், பத்து நிமிடம் நிற்றல், செயற்கைக் காலை மாட்டும் முன் எஞ்சிய காலைச் சோதித்துப் பார்த்தல், ஒரு படி, மூன்று படி. இன்னொரு காலையும் இழந்துவிடாமல் இருக்கச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தலும் அதில் அடக்கம்.

அவர் 272 படிகளை ஏறவில்லை. ஆனால் தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்துத் தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து பக்தர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தார். நோயில் விழுந்த நாள் முதல் பிறரிடம் வாங்கிக்கொண்டே இருந்தவர், அன்று கொடுப்பவராக ஆனார். அவர் மலை ஏற நினைத்ததன் உட்பொருள் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. திருவிழாவில் தமக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதையே அவர் படிகளின் எண்ணிக்கையில் சொன்னார்.

2001 ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் உடற்குறையைப் பார்ப்பதற்குப் புதிய வகைப்பாடு ஒன்றை ஏற்றுக்கொண்டது. உடலின் நிலையை மட்டும் பார்க்காமல், அவரால் செய்ய முடிகிற செயல்களையும், சமூக வாழ்வில் அவருக்குள்ள பங்கையும், அவரைச் சூழ்ந்துள்ள இடத்தையும் மனிதர்களின் மனப்போக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். முழுமையான சிகிச்சை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். லாரி ஓட்டுநருக்குக் கால் வளரவில்லை. ஆனால் பந்தலில் ஒரு நாற்காலி போட்டவுடன் அவருடைய குறையில் ஒரு பகுதி மறைந்துவிட்டது. அப்படியானால் அந்தப் பகுதி அவர் உடலில் இருந்ததா, நம் ஏற்பாட்டில் இருந்ததா?

கோயிலுக்கு வருவதை நிறுத்திய தாய்

ஆட்டிசம் உள்ள ஆறு வயதுச் சிறுவனின் தாயார் ஒருவர், மகனுடன் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். மணியோசையும் மேளமும் கூட்டமும் அந்தப் பிள்ளைக்குத் தாங்க முடியாதவை. காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை என்று சொன்னவர்கள் உண்டு. பூர்வ ஜன்மக் கர்மம் என்று சொன்னவர்களும் உண்டு. ஆறுதல் தேடி வந்த இடத்தில் அந்தத் தாய் தலைகுனிந்து திரும்பினார்.

அந்தப் பிள்ளையின் அலறல் குறும்பு அன்று. நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் ஓசை அவனுக்குத் தலைக்குள் இடி இடிப்பதுபோல் இருக்கலாம். கோயிலின் படங்களை வரிசையாக வைத்து, முதலில் செருப்பைக் கழற்றுவது, பிறகு கால் கழுவுவது, பிறகு கும்பிடுவது என்று வீட்டிலேயே காட்டினோம். கூட்டமில்லாத பிற்பகல் நேரத்தில், காதுக்கு உறை போட்டு, ஐந்து நிமிடம் மட்டும். அடுத்த வாரம் ஏழு நிமிடம். பிறகு அவனுக்கு ஒரு வேலை: உதிரிப் பூக்களை நிறவாரியாகத் தட்டுகளில் பிரிப்பது. அதில் அவன் காட்டிய ஒழுங்கு பெரியவர்களுக்கும் வராது. அவனுக்குப் பிரசாதம் கொடுத்த அம்மையார் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தத் தாய் பல மாதங்களுக்குப் பிறகு நிமிர்ந்து நின்றதை நான் அன்று பார்த்தேன்.

இத்தகைய குழந்தைகளுக்காக நம் நாட்டில் பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் இருக்கின்றன. இத்திட்டம் 1984 ஆம் ஆண்டில் திரெங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் தொடங்கியது. உடற்குறையுடையோர் சட்டம் 2008 ஆம் ஆண்டில் வந்தது. சமூகநல இலாகாவில் பதிந்துகொண்டால் ஓ.கே.யூ. அட்டை கிடைக்கும். விபத்தில் அடிபட்ட தொழிலாளர்களுக்காகச் சொக்சோவின் மறுவாழ்வு மையம் 2014 ஆம் ஆண்டு முதல் மலாக்காவில் இயங்கி வருகிறது. நம்மவர்களில் பலர், பிள்ளையின் பெயரைப் பதிந்தால் மற்றப் பிள்ளைகளின் திருமணத்துக்குத் தடையாகும் என்று அஞ்சி ஒதுங்கிவிடுகிறார்கள். அந்த அச்சத்தின் விலையைக் கொடுப்பது அந்தக் குழந்தை. சிறு வயதில் கிடைக்க வேண்டிய பயிற்சி தள்ளிப்போக விடாதீர்கள்.

பராமரிப்பவரையும் பாருங்கள்

நோயாளியின் கட்டிலருகே இன்னொருவர் நிற்கிறார். பெரும்பாலும் ஒரு பெண். மருமகள், மகள், மனைவி. எல்லோரும் வந்து, "பாட்டி எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்கிறார்கள். அந்தப் பெண்ணிடம், "நீ சாப்பிட்டாயா? நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்று கேட்பவர் குறைவு. முதுகு வலியுடன் ஒருவர் தூக்கிக்கொண்டே இருந்தால், ஓராண்டில் வீட்டில் இரண்டு நோயாளிகள் இருப்பார்கள். வாரத்தில் அரை நாள் அவருடைய பொறுப்பை வேறொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். பழங்களோடு போய் நலம் விசாரித்துவிட்டு வருவதைக் காட்டிலும் இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருப்பது பெரிய உதவி. நமது இளைஞர் பிரிவினர் இதை ஒரு தொண்டாகவே எடுத்துச் செய்யலாம்.

கோயில் என்ன செய்யலாம்?

நிறைவாக, அறங்காவலர்களிடம் சில வேண்டுகோள்கள். எதுவும் பெரும் பணம் தேவைப்படும் காரியம் அன்று.

ஒன்று, சாய்தளம். நுழைவாயிலில் ஓரடி உயரம் இருந்தால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் சக்கர நாற்காலியைத் தள்ளுவோருக்கும் ஆபத்து. படிகளில் இருபுறமும் கைப்பிடி வையுங்கள். ஒருபுறம் மட்டும் இருந்தால், ஏறும்போது உதவும் கை இறங்கும்போது மறுபக்கமாகிவிடும்.

இரண்டு, வெயில். 2019 ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அந்த விகிதம் இன்னும் உயர்வு. நீரிழிவு முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். நண்பகல் வெயிலில் சுடும் தரையில் அவர்கள் வலம் வரும்போது தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. வலி தெரியாத கால்தான் மிகவும் ஆபத்தான கால் என்பதை டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டார். பின்னர் அமெரிக்காவில் நீரிழிவு நோயாளிகளுக்கும் அதே பாடத்தைப் பயன்படுத்தினார். வெளிப்பிரகாரத்தில் பாய் விரியுங்கள், நிழல் போடுங்கள். உணர்ச்சி மங்கியவர்கள் காலையிலோ மாலையிலோ வரட்டும். வீடு திரும்பியதும் பாதத்தின் அடியைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளட்டும்.

மூன்று, அன்னதானம். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு மேசை நாற்காலி போடுங்கள். ஆனால் தூணுக்குப் பின்னால், செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போடாதீர்கள். குடும்பத்தார் உட்காரும் வரிசையை ஒட்டிப் போடுங்கள். இடக்கையால் உண்பவரைக் கண்டால் முகம் சுளிக்க வேண்டாம் என்று பரிமாறுபவர்களுக்குச் சொல்லுங்கள்.

நான்கு, அமைதி நேரம். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒலிபெருக்கி இல்லாமல் வழிபாடு நடக்கட்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும், மறதி நோயுள்ள முதியவர்களும், மன நோயிலிருந்து மீண்டு வருபவர்களும் அச்சமின்றி வருவார்கள்.

ஐந்தாவதே முக்கியமானது. வேலை கொடுங்கள். பூத் தொடுப்பது, வெற்றிலை அடுக்குவது, விளக்குத் துலக்குவது, காய் நறுக்குவது, திருநீற்றுப் பொட்டலம் மடிப்பது என்று உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடிய எத்தனையோ வேலைகள் ஒரு கோயிலில் அன்றாடம் நடக்கின்றன. நாங்கள் மருத்துவமனையில் பிளாஸ்டிக் மணிகளையும் மரக்கட்டைகளையும் வைத்துக்கொண்டு உருவாக்க முயலும் சூழல் உங்களிடம் இயல்பாகவே இருக்கிறது. விரல்களுக்குப் பயிற்சி, பேச்சுத்துணை, நாளுக்கு ஓர் ஒழுங்கு, தாம் செய்தது சுவாமிக்குப் போய்ச் சேர்கிறது என்ற நிறைவு ஆகிய அனைத்தும் அங்கே கிடைக்கும். ஒருவர் தொடுத்த மாலை கோணலாக இருக்கலாம். தயவுசெய்து அதைப் பிரித்துவிட்டு வேறொருவரிடம் கொடுக்காதீர்கள். கோணல் மாலையையும் சாத்துங்கள்.

பெரியோர்களே, நோயாளிக்கு உதவி செய்ய வேண்டும் என்ற எண்ணம் வரும்போது, "உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்பது நம் வழக்கம். அது நல்ல கேள்விதான். அதனுடன் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "நீங்கள் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள்?" பிறகு பதிலுக்காகக் காத்திருங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சொல் மெதுவாகத்தான் வரும். நாமே வாக்கியத்தை முடித்துவிடாமல் அவர் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்போம்.